உழவாரமும் முரசுத்தோலும்: காந்திகிராமக் கல்வி எழுப்பும் ஓர் அறக்கேள்வி

ஓர் உயர்கல்வி நிறுவனம் தன்னைச் சுற்றியுள்ள ஊர்களுக்குக் கடமைப்பட்டது என்று சொல்லும்போது, அந்தக் கடமை எங்கிருந்து பிறக்கிறது, அதை நிறைவேற்றுவதில் அங்குப் பயிலும் மாணவர் அனைவரும் ஒரே அளவில் கட்டுண்டவர்களா என்னும் கேள்விகள் எழுகின்றன. அவை வெறும் நிர்வாகக் கேள்விகளாகத் தோன்றினாலும் அவற்றின் வேர் சமயத்திலும் அறவியலிலும் ஓடுகிறது. பட்டப்படிப்பு, ஆய்வு, ஊர்மக்களோடு சேர்ந்து கற்றல் ஆகிய மூன்றும் இன்று பெரும்பாலான கல்லூரிகளின் ஆண்டறிக்கைகளில் தனித்தனித் தலைப்புகளாக இடம்பெறுகின்றன. ஆனால் அம்மூன்றையும் ஒரே வாழ்க்கைநெறியின் கூறுகளாகக் கண்டு, அந்த நெறிக்கு உடலுழைப்பை அடித்தளமாக வைத்து, அதற்கென்றே தோற்றுவிக்கப்பட்ட நிறுவனங்கள் மிகச் சிலவே. திண்டுக்கல் மாவட்டத்தில், சிறுமலையின் அடிவாரத்தில், கைத்தறிக்குப் பேர்போன சின்னாளபட்டியை ஒட்டி அமைந்துள்ள காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகம் அவற்றுள் ஒன்று. உழைப்பு கல்வியாகவும் வழிபாடாகவும் உயர்வது எந்த நிபந்தனையின்கீழ், அந்த நிபந்தனை இல்லாதபோது அதே உழைப்பு எவ்வாறு தளையாகவே நின்றுவிடுகிறது என்பதை ஆராய்வதற்கு அதன் வரலாற்றைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு தமிழ்நாட்டில் அரிது.

காந்திகிராமம் 1947இல் மருத்துவர் டி.எஸ். சௌந்தரமும் அவருடைய கணவர் ஜி. ராமச்சந்திரனும் முன்னின்று தொடங்கிய அறப்பணி நிலையமாகும். மதுரைத் தொழிலதிபர் டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகளான சௌந்தரம், இளமையிலேயே கணவரை இழந்து, பின்னர் டில்லியில் லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் மருத்துவம் பயின்றவர். ராமச்சந்திரன் திருவிதாங்கூரிலிருந்து சாந்திநிகேதன் சென்று கற்று, அதன்பின் காந்தியின் ஆசிரம வாழ்வில் இணைந்தவர். மகப்பேறு மருத்துவம், ஆதாரப் பள்ளி, கதர் மற்றும் கிராமத் தொழில்கள் என்று வளர்ந்த இந்நிலையத்தில் 1956இல் கிராமிய உயர்கல்விக்கான ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. 1976இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆயிற்று. நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்பது, சட்டமன்றத்தின் தனிச்சட்டத்தால் நிறுவப்படாமல், பல்கலைக்கழக மானியக் குழுவின் பரிந்துரையின்பேரில் மத்திய அரசின் அறிவிக்கையால் பட்டம் வழங்கும் தகுதி பெறுவதாகும். இருபது ஆண்டுகளில் நிகழ்ந்த இந்த மாற்றம் வளர்ச்சியா விலகலா என்பதில் காந்தியர்களிடையே இன்றும் கருத்தொற்றுமை இல்லை.

இந்தக் கல்விமுறையின் பின்னால் உள்ள சமயக் கருத்தை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு மனிதனும் தான் உண்ணும் உணவுக்கு ஈடாகத் தன் உடலால் உழைத்தாக வேண்டும், அறிவுத் தொழிலால் பொருளீட்டுபவனுக்கும் இதில் விலக்கு இல்லை என்னும் கோட்பாட்டைக் காந்தி டால்ஸ்டாயிடமிருந்து பெற்றார். டால்ஸ்டாய்க்கு அதை உணர்த்தியவர் போந்தரேவ் என்னும் ருஷ்ய உழவர். 1904இல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்குச் சென்ற ரயில் பயணத்தில் காந்தி படித்த ரஸ்கினின் நூல், வழக்கறிஞரின் உழைப்புக்கும் நாவிதரின் உழைப்புக்கும் மதிப்பு ஒன்றே என்னும் முடிவுக்கு அவரை இட்டுச்சென்றது. இவ்விரு மேற்கத்தியச் சிந்தனைகளையும் அவர் கீதையின் மூன்றாம் அத்தியாயத்தோடு பொருத்தி, வேள்வி செய்யாமல் உண்பவன் திருடன் என்று அங்குக் கூறப்படுவதில் வேள்வி என்பது உடலுழைப்பையே குறிக்கும் என்று விளக்கினார். சங்கரரோ ராமானுஜரோ அவ்வாறு உரைகாணவில்லை. அவர்களுக்கு அது வைதிக கருமத்தோடு தொடர்புடைய சொல்லாகவே இருந்தது. எனினும் ஒரு சமயநூலின் மையச் செயலைக் கோயிலிலிருந்தும் ஓமகுண்டத்திலிருந்தும் எடுத்து வயலிலும் நூற்புக்கூடத்திலும் வைத்த இந்த உரை, காந்தியின் கல்விச் சிந்தனைக்கு ஆதாரமாயிற்று.

1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மாநாடும், அதனைத் தொடர்ந்து ஜாகிர் உசேன் தலைமையில் அமைந்த குழுவும் அந்தச் சிந்தனைக்குப் பாடத்திட்ட வடிவம் தந்தன. நயீ தாலீம், அதாவது புதிய கல்வி என்றும், தமிழில் ஆதாரக் கல்வி என்றும் அழைக்கப்பட்ட அம்முறையில் கைத்தொழில் பாடங்களோடு சேர்த்து வைக்கப்பட்ட மற்றொரு பாடமாக இருக்கவில்லை. கணக்கு, வரலாறு, புவியியல் அனைத்தும் அக்கைத்தொழிலின் வழியாகவே கற்பிக்கப்பட வேண்டும் என்பது அதன் அடிப்படை விதி. பஞ்சை நூலாக்கும் சிறுவன் நூலின் நீளத்தை அளக்கையில் கணக்கையும், பருத்தி விளையும் கரிசலைப் பற்றிக் கேட்கையில் மண்ணியலையும், மான்செஸ்டர் துணியைப் பற்றி அறிகையில் வரலாற்றையும் கற்பான் என்று எதிர்பார்க்கப்பட்டது. இம்முயற்சியைச் சேவாகிராமத்தில் நெடுங்காலம் முன்னின்று நடத்திய ஆரியநாயகம் யாழ்ப்பாணத்துத் தமிழ்க் கிறித்தவர் என்பதும், அவரும் அவர் மனைவி ஆஷாதேவியும் தாகூரின் சாந்திநிகேதனிலிருந்து அங்குச் சென்றவர்கள் என்பதும் தமிழ் வாசகர் பலர் அறியாத செய்திகள். கை என்பது மனம் எண்ணியதை நிறைவேற்றும் கருவி மட்டுமன்று, அதுவே அறிவைத் தோற்றுவிக்கும் புலன் என்பதே அவர்கள் ஏற்றுக்கொண்ட அறிவுக் கொள்கை. எல்லாப் பாடத்தையும் தக்ளி என்னும் ஒரு கைக்கதிரிலிருந்து நூற்றெடுக்க முயன்றபோது பல இடங்களில் அது வலிந்த பொருத்தமாக முடிந்தது என்பதும் உண்மை.

உடலுழைப்பை அறிவோடும் வீடுபேற்றோடும் இணைத்துப் பார்க்கும் சிந்தனை தமிழ்ச் சமய மரபுக்கும் பழையதே. சைவ சித்தாந்தம் இறைவனை அடையும் நெறிகளைச் சரியை, கிரியை, யோகம், ஞானம் என நான்காக வகுக்கிறது. அவற்றுள் சரியை என்பது உடம்பால் செய்யும் தொண்டு. திருக்கோயிலை அலகிடுதல், மெழுகுதல், பூத்தொடுத்தல், நந்தவனம் வளர்த்தல் போன்றவை அதனுள் அடங்கும். சமயகுரவர் நால்வருள் சரியை நெறிக்கு உரியவராகக் கொள்ளப்படுபவர் திருநாவுக்கரசர். கோயில் சுற்றுகளில் முளைக்கும் புல்லையும் செடியையும் செதுக்கும் உழவாரப்படை என்னும் கருவியைத் தோளில் சாய்த்தபடியே அவருடைய திருவுருவம் எங்கும் காணப்படுகிறது. சாத்திரநூல்கள் இந்நான்கையும் படிநிலைகளாக அமைத்து, சரியையின் பயன் இறைவனது உலகை அடைவதே என்றும், முழுமையான வீடு ஞானத்தாலேயே கிட்டும் என்றும் கூறுகின்றன. ஆனால் வழிபாட்டு மரபு அவரை அவ்வாறு கீழ்ப்படியில் நிறுத்தவில்லை. வாழ்நாளின் இறுதிவரை கையிலிருந்து இறக்காத உழவாரத்தை ஞானத்துக்கு முந்திய பயிற்சிக் கருவியாக எந்தச் சைவரும் கருதுவதில்லை. இன்றும் விடுமுறை நாட்களில் பழைய கோயில்களுக்குச் சென்று முட்புதர் அகற்றும் உழவாரப்பணிக் குழுக்களில் அலுவலர்களும் கணினிப் பொறியாளர்களும் மிகுதியாக இருப்பதற்கு இம்மரபே காரணம்.

நாவுக்கரசரின் வரலாற்றைப் பாடும் சேக்கிழாரின் பெரியபுராணத்தில் இன்னொருவருடைய உழைப்பும் சொல்லப்படுகிறது. ஆதனூரில் புலைப்பாடியில் பிறந்த திருநாளைப்போவார், அதாவது மக்கள் வழக்கில் நந்தனார், சிவன் கோயில்களின் முரசுகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும், வழிபாட்டுக்குக் கோரோசனையும் கொடுத்துவந்தார். அவருடைய உழைப்பின் ஒலி கருவறை வரை சென்றது. அவர் கோயில் வாயிலுக்கு வெளியே நின்றார். சேக்கிழார் அவரது அன்பைக் குறைவின்றிப் போற்றுகிறார். பிறப்பால் வந்த தொழிலை அவர் தம் அகத்தில் வழிபாடாக மாற்றிக்கொண்டார் என்பதில் ஐயமில்லை. ஆயினும் தில்லையுள் நுழைவதற்கு அவர் தீயில் மூழ்கிப் புது உடம்போடு எழ வேண்டியிருந்தது. 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் இக்கதையைக் கீர்த்தனையாக்கியபோது, பெரியபுராணத்தில் இல்லாத ஒரு பாத்திரத்தை, நந்தனாருக்குத் தில்லை செல்ல விடைகொடுக்க மறுத்து, வயல்வேலையை முடிக்கச் சொல்லும் பண்ணையாரான வேதியரை, உள்ளே கொண்டுவந்தார். இலக்கிய நோக்கில் இச்சேர்க்கை கண்டனத்துக்கு உள்ளானது; அறவியல் நோக்கில் இது புராணம் பேசாமல் விட்ட செய்தியை வெளிப்படையாக்கியது. நந்தனாருடைய உழைப்பின் தன்மையைத் தீர்மானித்தது அதன் கடினமோ இழிவோ அன்று; அதை விட்டுச் செல்வதற்கு இன்னொருவருடைய அனுமதி தேவைப்பட்டது என்பதே அதைத் தீர்மானித்தது.

இவ்விரு அடியார்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், உடலுழைப்பை மேன்மைப்படுத்தும் எந்தக் கல்விக்கும் உரிய நிபந்தனை தெளிவாகிறது. நாவுக்கரசர் வேளாளர் குடியில் பிறந்தவர். சமண நூல்களைக் கற்று அச்சமயத்தில் தலைமைநிலை எய்தியவர். புல்செதுக்கும் கருவியை எடுக்க வேண்டிய கட்டாயம் எதுவும் அவருக்கு இல்லை. எந்த நாளிலும் கீழே வைக்கக்கூடிய கருவியை வைக்காமல் ஏந்தியதே அவருடைய தொண்டு. நந்தனாரிடம் அந்த உரிமை இல்லை. செய்யப்பட்ட செயல் இரண்டு இடத்திலும் கோயிலுக்கான உடலுழைப்புதான். ஒருவருக்கு அது துறவாகவும் மற்றவருக்கு அது பிறப்பின் விதியாகவும் அமைந்தது. ஆகவே, உழைப்பின் மாண்பைப் போதிக்கும் நிறுவனம் ஒன்று, தன் மாணவருள் எவர் நாவுக்கரசரின் நிலையிலிருந்து வருகிறார், எவர் நந்தனாரின் நிலையிலிருந்து வருகிறார் என்று கேளாமல் இருவருக்கும் ஒரே பாடத்தைப் புகட்டினால், அது முதலாமவருக்குச் செய்யும் நன்மையை இரண்டாமவருக்குச் செய்வதில்லை.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்தக் கேள்வி ஏட்டுக்கேள்வியாக இருக்கவில்லை. 1936இல் அம்பேத்கர் வெளியிட்ட ‘சாதியை அழித்தொழிக்கும் வழி’ என்னும் உரை, சாதி என்பது வேலைப்பிரிவினை அன்று, வேலை செய்வோரையே பிரித்து வைக்கும் ஏற்பாடு என்று வாதிட்டது. அதற்கு ‘ஹரிஜன்’ இதழில் விடையளித்த காந்தி, முன்னோர் தொழிலைச் செய்து வாழ்வதே வருணநெறி, அத்தொழில்களிடையே உயர்வு தாழ்வு இல்லை என்றார். அடுத்த ஆண்டே வார்தா மாநாடு கூடியது. நயீ தாலீமைக் குலத்தொழில் கோட்பாட்டின் பள்ளிக்கூட வடிவம் என்று எதிர்ப்பாளர் ஐயுற்றதற்கு இந்தக் காலநெருக்கமும் ஒரு காரணம். ஆனால் காந்தி சொன்ன வருணக் கருத்துக்கும் அவருடைய கல்வித் திட்டம் நடைமுறையில் செய்ததற்கும் இடையே ஒரு முரண் இருந்தது. அது நல்ல முரண். சேவாகிராமப் பள்ளியில் எல்லாக் குழந்தைகளும் ஒரே கூடத்தில் நூற்றனர், ஒரே வயலில் வேலை செய்தனர், கழிவறையைச் சுத்தம் செய்வதில் அனைவரும் பங்கேற்றனர். தொழில் அங்குப் பிறப்பிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. கருத்தில் பழமையைக் காத்த காந்தி, செயலில் அதைக் கலைத்தார் என்று சொன்னால் தவறாகாது.

சென்னை மாகாணத்தில் 1953இல் முதலமைச்சர் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தோடு இதனை ஒப்பிட்டால் வேறுபாடு புலப்படும். பள்ளிநேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் குழந்தைகள் பெற்றோரின் தொழிலையோ ஊரிலுள்ள வேறு கைத்தொழிலையோ பழக வேண்டும் என்றது அத்திட்டம். குறைந்த செலவில் மிகுதியான குழந்தைகளைப் பள்ளிக்குள் கொண்டுவருவதே நோக்கம் என்றும், தொழிலின் மாண்பை உணர்த்துவது மற்றொரு பயன் என்றும் அரசுத் தரப்பில் சொல்லப்பட்டது. பெரியாரும் திராவிட இயக்கத்தவரும் அதற்குக் குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டு எதிர்த்தனர்; 1954இல் ராஜாஜி பதவி விலக, காமராஜர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. இரு திட்டங்களும் ஏறக்குறைய ஒரே சொற்களில் உழைப்பைப் புகழ்ந்தன என்பது கவனத்துக்குரியது. வார்தா முறை கைத்தொழிலைப் பள்ளிக்குள் கொண்டுவந்து அனைவருக்கும் பொதுவாக்கியது. 1953இன் திட்டம் குழந்தையைப் பள்ளியிலிருந்து வீட்டுக்கு அனுப்பியது, வீட்டில் காத்திருந்ததோ தந்தையின் தொழில். எதிர்த்தவர்கள் உழைப்பை இகழ்ந்தார்கள் என்று அக்காலத்தில் சிலர் குற்றஞ்சாட்டினர். வெளுத்தும் சவரம் செய்தும் வாழ்ந்த ஒருவர் தம் மகன் அத்தொழிலை விட்டு வெளியேற வேண்டும் என்று விரும்பியதை உழைப்பின்மீதான இகழ்ச்சி என்று பெயரிடுவதற்கு, அத்தொழிலைத் தம் பிள்ளைகளுக்கு ஒருபோதும் பரிந்துரைக்காத ஒருவரால்தான் முடியும்.

இங்கே காந்தியர் தரப்பிலிருந்து வலுவான ஒரு மறுப்பு எழக்கூடும். விரும்பித் தேர்ந்த உழைப்புக்கே அறமதிப்பு உண்டு என்றால், தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே இல்லாத கோடிக்கணக்கான உழவர்களின், கூலிகளின் உழைப்பு மதிப்பற்றதா என்பதே அது. இதற்கான விடை, உழைப்பின் மதிப்பையும் உழைப்பைப் போதிக்கும் உரிமையையும் வேறுபடுத்துவதில் இருக்கிறது. கட்டாயத்தால் வந்த உழைப்பையும் ஒருவர் தம் உள்ளத்தால் உயர்த்திக்கொள்ள முடியும். நந்தனாரே அதற்குச் சான்று. அந்த உயர்வு அவருக்கே உரியது. அவரை வெளியே நிறுத்திய சமூகம், அவருடைய பக்தியைக் காட்டித் தன் ஏற்பாட்டை நியாயப்படுத்திக்கொள்ள உரிமை பெறுவதில்லை. கல்லூரி என்பது அந்தச் சமூகத்தின் பக்கத்தில் நிற்கும் நிறுவனம். பாடம் வகுப்பது, மதிப்பெண் இடுவது, பட்டம் தருவது ஆகிய அதிகாரங்களை உடையது. எனவே உழைப்பைப் பற்றி அது பேசும் ஒவ்வொரு சொல்லும் கூடுதல் பொறுப்புடையதாகிறது.

1956இல் காந்திகிராமத்தில் உயர்கல்வி தொடங்கியபோது இந்த விவாதத்தின் சூடு தணிந்திருக்கவில்லை. அதற்கு முன்பே, 1948இல் அமைக்கப்பட்டு மறு ஆண்டு அறிக்கை அளித்த ராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக் குழு, கிராமப் பல்கலைக்கழகங்கள் வேண்டும் என்று பரிந்துரைத்திருந்தது. அப்பரிந்துரைக்குப் பெரிதும் காரணமாக இருந்தவர் குழுவின் உறுப்பினரான அமெரிக்கர் ஆர்தர் மார்கன். படிப்பையும் வேலையையும் மாறிமாறிச் செய்யும் முறையை ஒகையோவின் ஆண்டியோக் கல்லூரியில் தலைவராக இருந்து நிலைநாட்டியவர். பின்னர் ஸ்ரீமாலி தலைமையிலான அரசுக் குழுவின் பரிந்துரைப்படி நாட்டின் பல பகுதிகளில் கிராமிய உயர்கல்வி நிறுவனங்கள் தொடங்கப்பட்டன. தமிழ்நாட்டில் காந்திகிராமமும் கோவை பெரியநாயக்கன்பாளையத்து ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயமும் அவற்றுள் அடங்கின. மூன்றாண்டு கிராமப்பணிப் பட்டயம் இவற்றின் முதன்மைப் படிப்பு. இப்பட்டயம் பட்டத்துக்கு நிகரானதாக அரசு ஏற்றுக்கொண்ட சான்றிதழ்; ஆயினும் அலுவலகங்களிலும் பிற பல்கலைக்கழகங்களிலும் அது பட்டத்தைப்போல் மதிக்கப்படவில்லை. காலப்போக்கில் இந்நிறுவனங்கள் வழக்கமான பல்கலைக்கழகங்களோடு இணைந்தன அல்லது, காந்திகிராமத்தைப்போல், தாமே பட்டம் வழங்கும் தகுதியை நாடின.

இம்மாற்றத்தை இலட்சியத்தின் வீழ்ச்சியாக எழுதுவது காந்தியர் எழுத்துகளில் வழக்கம். அந்தக் கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை: துறைகள் பிரிந்தன, தேர்வு முறை மேலோங்கியது, ஊர்ப்பணி அட்டவணையின் ஒரு கட்டத்துக்குள் சுருங்கியது. ஆனால் கிராமத்துப் பிள்ளைக்குக் கிராமக் கல்வி, நகரத்துப் பிள்ளைக்கு உலகக் கல்வி என்னும் பிரிவினையைக் கிராமத்தவரே ஏற்கவில்லை என்பதுதான் இம்மாற்றத்தின் உட்பொருள். அரசியல் நிர்ணய சபையில் 1948 நவம்பரில் அம்பேத்கர் இந்திய கிராமத்தைக் குறுகிய மனப்பான்மையின் கூடாரமாகச் சித்திரித்தபோது அதைக் கேட்டுத் தலைவர்கள் பலர் வருந்தினர். ஆனால் பட்டயத்தைவிடப் பட்டத்தை விரும்பிய மாணவர், இயற்பியலும் கணினியியலும் காந்திகிராமத்திலும் கற்பிக்கப்பட வேண்டும் என்று எதிர்பார்த்த பெற்றோர், வெளியேறும் வழியைக் கேட்டனர். அந்த வழி திறந்த பிறகே அங்குக் கற்பிக்கப்படும் ஊர்த்தொண்டு தேர்ந்தெடுக்கப்பட்ட தொண்டாக ஆக முடியும். 1976இன் மாற்றம் அந்த வகையில் நிறுவனத்தின் மூலக்கொள்கைக்கு இழைத்த துரோகம் அன்று, அதை நேர்மையாக்கிய செயல்.

உழைப்பைப் பற்றிய கேள்வியோடு இடத்தைப் பற்றிய கேள்வியும் பின்னிக்கிடக்கிறது. 1916 பிப்ரவரியில் சென்னையில் கூடிய கிறித்தவ மிஷனரி மாநாட்டில் பேசிய காந்தி, சுதேசி என்பது தொலைவில் உள்ளவற்றை விலக்கி, மிக அருகில் உள்ள சூழலையே பயன்படுத்தவும் அதற்கே தொண்டு செய்யவும் ஒருவரைக் கட்டுப்படுத்தும் மனப்பாங்கு என்று விளக்கி, அதைச் சமயத்துக்கும் பொருத்தினார்: ஒருவர் தம் முன்னோரின் சமயத்துள் நின்றே அதன் குறைகளைக் களைய வேண்டும் என்றார். கேட்டிருந்தவர்கள் கடல்கடந்து வந்து சமயம் பரப்புபவர்கள். அவர்களுடைய விவிலியத்தில், அயலான் யார் என்ற கேள்விக்கு இயேசு சொன்ன நல்ல சமாரியன் கதையோ, அண்மையில் இருப்பவரை விட்டு, இரக்கங்காட்டிய அந்நியரையே அயலானாகக் காட்டுகிறது. பிறப்பும் அண்மையும் கடமையை வகுக்கின்றனவா, அல்லது கடமையை ஏற்பதால் அண்மை உண்டாகிறதா என்னும் இந்த முரண்பாடு தீர்க்கப்படாமலே காந்திகிராமத்தின் அடித்தளத்தில் கிடக்கிறது.

அதன் வரலாறு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை அதைக் கட்டியவர்களின் வாழ்க்கை காட்டுகிறது. மதுரைச் செல்வக் குடும்பத்திலிருந்து வந்த சௌந்தரத்துக்கோ திருவிதாங்கூர்க்காரரான ராமச்சந்திரனுக்கோ சின்னாளபட்டி பிறந்த மண் அன்று. தொடக்க முயற்சிகளில் அவர்களோடு தோள்கொடுத்த ஆர்.ஆர். கெய்த்தான் அமெரிக்காவின் மினசோட்டாவிலிருந்து மதுரை மிஷனுக்கு வந்தவர். விடுதலை இயக்கத்தின்பால் காட்டிய பரிவால் பிரிட்டிஷ் ஆட்சியில் இருமுறை இந்தியாவைவிட்டு வெளியேற நேர்ந்து, விடுதலைக்குப் பின் திரும்பி இப்பகுதியிலேயே வாழ்நாளைக் கழித்தவர். பிறப்பால் அயலவர்களான இவர்கள் இவ்வூரைத் தம் அண்மையாக ஆக்கிக்கொண்டனர். சுதேசி என்னும் கொள்கையை அதன் முதல் விளக்கத்துக்கு மாறாக வாழ்ந்து காட்டியவர்கள் என்றே இவர்களைச் சொல்ல வேண்டும்.

இதற்கு மறுதிசையில் அமைந்தது கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனின் வாழ்க்கை. இன்றைய திண்டுக்கல் மாவட்டத்தில் நிலமற்ற தலித் குடும்பத்தில் பிறந்த அவர், சௌந்தரத்தின் ஆதரவில் கற்றுப் பட்டம் பெற்று, பூமிதான இயக்கத்தில் ஈடுபட்டு, 1968இன் கீழ்வெண்மணிப் படுகொலைக்குப் பின் தஞ்சைப் பகுதியில் நிலமற்ற பெண்களுக்கு நிலம் பெற்றுத்தரும் பணியில் கணவரோடு இறங்கினார்; அப்பணிக்காக 1981இல் லாஃப்டி என்னும் அமைப்பை நிறுவினார். உழவுக் கூலியாகவே வாழ்ந்து முடிய வேண்டும் என்று பிறப்பு விதித்திருந்த ஒருவர், அதிலிருந்து விலகும் தகுதியைக் கல்வியால் பெற்ற பின், அதே வயல்வெளிக்குத் தம் விருப்பால் திரும்பினார். நந்தனாரின் இடத்திலிருந்து தொடங்கி நாவுக்கரசரின் இடத்தை அடைந்த வாழ்க்கை இது என்றால் மிகையாகாது.

ஆய்வு பற்றிய கேள்வியும் இங்கேயே பொருந்துகிறது. காந்திகிராமத்தின் கல்வி வடிவம், கற்பித்தல், ஆய்வு, விரிவாக்கம் என்னும் முப்பிரிவால் விளக்கப்படுகிறது. விரிவாக்கம் என்பது நிறுவனத்தில் உருவான அறிவை ஊர்மக்களிடம் கொண்டுசேர்க்கும் பணி. மாணவர்கள் ஊர்களில் தங்கி மக்களோடு வாழ்ந்து கற்கும் திட்டமும், பூசல்களைத் தணிக்கவும் இடர்க்காலங்களில் உதவவும் பயிற்சி தரும் சாந்தி சேனா என்னும் அமைதிப்படையும் இதன் கூறுகள். சுற்றியுள்ள ஆத்தூர் வட்டார ஊர்களில் நடந்த கிராம சுகாதார, குடும்பநல ஆய்வுகள் நாட்டளவில் அறியப்பட்டவை. இத்தகைய ஆய்வில் ஊர் எளிதாக ஆய்வுக்கூடமாகிவிடும்; கேள்வித்தாளோடு வருபவர் மாறிக்கொண்டே இருக்க, விடை சொல்பவர் மட்டும் மாறாமல் இருப்பார். சிலி நாட்டு வேளாண் அலுவலர்களை முன்வைத்து பாவ்லோ ஃப்ரெய்ரே 1960களின் இறுதியில் எழுப்பிய கண்டனம் இதுவே: அறிவு ஓரிடத்தில் நிறைந்திருந்து மற்றோரிடத்துக்கு வழிகிறது என்று கருதும்போது, உழவர் ஏற்கெனவே அறிந்தது அறிவாகவே எண்ணப்படுவதில்லை.

இதிலிருந்து விலகிய ஒரு போக்கு அரசியலமைப்பின் 73ஆம் திருத்தத்துக்குப் பிறகு தோன்றியது. 1990களில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர்களுள், குறிப்பாகப் பெண்களும் தலித்துகளும் முதன்முறையாக அலுவலகக் கோப்புகளையும் வட்டார அதிகாரிகளையும் எதிர்கொண்டபோது, காந்திகிராமத்தின் ஊராட்சி ஆய்வாளர்கள், பேராசிரியர் க. பழனித்துரை போன்றோர், அவர்களுக்குப் பயிற்சி அளித்ததோடு அவர்களுடைய பட்டறிவை நூல்களாகவும் பதிவுசெய்தனர். சட்டத்தின் வாசகத்தைப் பேராசிரியர் அறிந்திருந்தார். தண்ணீர்க் குழாயை எந்தத் தெருவில் இறக்கினால் எந்தச் சாதி எதிர்க்கும் என்பதைத் தலைவர் அறிந்திருந்தார். இரண்டும் சேராமல் ஊராட்சி பற்றிய அறிவு எதுவும் உருவாகியிருக்காது. கையும் அறிவின் புலன் என்று வார்தாவில் சொல்லப்பட்டதற்கு, தக்ளியைவிட நல்ல நிரூபணம் இந்தப் பயிற்சிக் கூடங்களில் கிடைத்தது என்று கருத இடமுண்டு.

2020இன் தேசியக் கல்விக் கொள்கை, சமூக ஈடுபாட்டையும் தொண்டையும் மதிப்பெண்ணுக்குரிய பாடங்களாக உயர்கல்வி நிறுவனங்களில் அமைக்கச் சொல்கிறது. காந்திகிராமம் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்துவருவது இனி எல்லாக் கல்லூரிகளுக்கும் உரியதாகிறது. அதன் வரலாற்றில் உள்ள சிக்கலும் உடன்வரும். நகரத்து அடுக்குமாடியிலிருந்து வரும் மாணவர் ஒரு வாரம் ஊரில் தங்கிச் சாக்கடை தூர்வாரினால், அவர் கற்பது மெய்யான பாடம். துப்புரவுப் பணியாளரின் மகளும் ஊரக வேலைத்திட்டத்தில் கூலிக்குச் செல்லும் தாயின் மகனும் அதே வரிசையில் மண்வெட்டியோடு நிறுத்தப்பட்டால், அவர்கள் ஏற்கெனவே அறிந்ததை மதிப்பெண்ணுக்காக மறுபடி செய்கிறார்கள். அவர்களுக்குச் சமூகமே கடன்பட்டிருக்கிறது. பாடத்திட்டம் வகுப்போர் இவ்விரு வகை மாணவரையும் வேறுபடுத்திப் பார்க்க வேண்டும். முன்னவருக்கு மண்வெட்டியைக் கொடுக்கட்டும். பின்னவரிடம், அவர் விரும்பினால், அந்த வாரத்தின் ஆசிரியராக இருக்கும்படி கேட்டு அதற்குரிய மதிப்பெண்ணைத் தரட்டும், விரும்பாவிட்டால் நூலகத்தையும் ஆய்வுக்கூடத்தையும் அவருக்காக இரவு வரை திறந்துவைக்கட்டும்.